காற்று காயும் ஊரில் செலாஜினெல்லா வளர்ப்பது எப்படி

தொட்டி மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது. ஆனால் இலை நுனி வைக்கோல் நிறமாகி உள்பக்கம் சுருண்டிருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுகிறோம். ஒரே வாரத்தில் மேலே சருகு, கீழே அழுகல். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் செலாஜினெல்லா வாங்கிய பலருடைய செடி இப்படித்தான் போகிறது.

இந்தச் செடிக்கு ஈரம் இரண்டு இடத்தில் வேண்டும், வேரிலும் இலையிலும். வேருக்கு வேண்டியதைக் குவளையால் ஊற்றிவிடலாம். இலைக்கு வேண்டியது காற்றில் இருந்தாக வேண்டும். இலை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், மேல்தோல் மெல்லியது, நடுவில் ஒற்றை நரம்பு. காய்ந்த காற்று அதிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு, நூல் போன்ற அந்த வேர்களால் மண்ணிலிருந்து தண்ணீரை ஏற்றிக்கொடுக்க முடியாது. ஆகவே கீழே குளமே இருந்தாலும் மேலே கருகும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் சுலபம்.

எந்தச் செடி, எந்த வகை

நர்சரிகளில் இதைப் பாசி என்றும் பெரணி என்றும் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டும் இல்லை. பதினோராம் வகுப்புத் தாவரவியலில் பெரணிகளுக்கு முன்னால் ஒரு பாடமாக வருமே, அதே செலாஜினெல்லாதான். பூக்காது, காய்க்காது, வித்துகளால் பெருகும். வித்து என்றால் விதை அல்ல, ஸ்போர் எனும் நுண்துகள். உலகம் முழுக்க 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

வாங்கும்போது ஒரு கிளையை வெளிச்சத்தில் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். தண்டின் இரு ஓரங்களிலும் பெரிய இலைகள் ஒவ்வொரு வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே, தண்டின் முதுகோடு ஒட்டிப் படுத்தாற்போல் சின்ன இலைகள் இரண்டு வரிசை. வீட்டில் வளர்க்கும் வகைகளில் எல்லாம் இந்த நான்கு வரிசை தெரியும். தண்டு கிளை பிரியும் இடங்களில் இலையே இல்லாத வெளிறிய நூல் ஒன்று கீழ்நோக்கி இறங்கும். அதன் பெயர் வேர்தாங்கி. மண்ணைத் தொட்டதும் அதன் நுனியில் வேர் விடும். அந்தரத்தில் தொங்கும் வேர்தாங்கிகள் நுனி காய்ந்து கறுத்திருந்தால், அந்தக் கடையிலேயே காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு தொட்டி பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை கிராஸியானா. இது தென்னாப்பிரிக்க மண்ணின் செடி. குவாசுலு-நட்டாலின் மூடுபனிக் காடுகளில், ஓடைக்கரை நிழலில் தரையோடு படர்ந்து கிடப்பது. 1838 முதல் 1840 வரை தென்னாப்பிரிக்காவில் சுற்றிச் செடிகள் சேகரித்த ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் கிராஸின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. பச்சை வகை, மஞ்சள் கலந்த ஔரியா, உருண்டை மெத்தை போல வளரும் பிரௌனியை என்று தோட்ட வகைகளும் கிடைக்கும். பிரௌனியை மெதுவாக வளரும், அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. சின்ன ஜாடிக்கு அதுவே நல்லது.

அடுத்தது மார்ட்டென்சியை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும், வெள்ளை கலந்த வகையும் உண்டு. அன்சினாட்டா சீனத்திலிருந்து வந்தது. நிழலில் மயில் கழுத்து நீலம் அடிக்கும். அந்த நீலம் சாயம் கிடையாது, இலைப் பரப்பில் ஒளி படும் விதத்தால் வருவது. வெளிச்சம் கூடினால் நீலம் போய் வெறும் பச்சை நிற்கும், வெயில் பட்டால் செம்பழுப்பாகும். எரித்ரோபஸ் மேலே பச்சை, கீழே செந்நிறம். பார்க்க அழகு, வளர்க்கக் கடினம். முதல் வருடம் அதைத் தொடாதீர்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சஞ்சீவி மூலிகை என்று இந்தியாவில் காய்ந்த உருண்டையாக விற்பதும் செலாஜினெல்லா இனம்தான், பிரியாப்டெரிஸ் என்பது அதன் பெயர். தண்ணீரில் போட்டால் விரியும் அமெரிக்கப் பாலைவனச் செடி லெபிடோபில்லாவும் அப்படியே. அவை காய்ந்து கிடந்து மறுபடி எழும் வகை. மேலே சொன்ன நான்குக்கும் அந்த வித்தை தெரியாது. மொறுமொறுப்பாகக் காய்ந்த கிராஸியானாவை நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் கிடைப்பது ஊறிய சருகுதான்.

காட்டில் கண்ணில் பட்டாலும் பிடுங்க வேண்டாம். கிரான்ஸ்க்ளூஃப் போன்ற காப்பகங்களில் செடி எடுப்பது குற்றம். தவிர, காட்டுச் செடியோடு நத்தை முட்டையும் பூஞ்சையும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.

உங்கள் ஊரின் காற்று

முதல் செலவாக ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். செடி வாங்குவதற்கு முன்பே வாங்கினால் இன்னும் நல்லது. செடி நிற்கப்போகும் இடத்தில் மூன்று நாள் வைத்து, காலை ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை பார்த்து எழுதி வையுங்கள். முடிவு செய்ய வேண்டியது பிற்பகல் அளவை வைத்துத்தான். 60 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் திறந்த தொட்டியில் வளர்க்கலாம். 50க்கும் 60க்கும் நடுவே என்றால் கிராஸியானா மட்டும் சமாளிக்கும். 50க்குக் கீழே போனால் கண்ணாடிக்குள் வைப்பதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள்.

கடலோரத்தில் டர்பன், டொங்காட், வெருலம் பக்கம் கோடையில் காற்றே பிழிந்தால் சொட்டும். கவலை இல்லை. ஹைவெல்ட் எனும் உள்நாட்டு மேட்டுநிலத்தில் நிலைமை வேறு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையெல்லாம் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது சாதாரணம். அதற்கு மேல் நாம் ஹீட்டர் போடுகிறோம். வெளியே 10 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 30க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு சொட்டு நீர்கூட வெளியேறவில்லை. சூடான காற்றுக்கு நீரைத் தாங்கும் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். லெனேசியாவிலோ மிட்ராண்டிலோ ஹீட்டர் ஓடும் அறையில் திறந்த தொட்டி வைப்பது, அடுப்பு மேட்டில் அப்பளம் காயவைக்கிற மாதிரி.

ஸ்ப்ரே பாட்டிலால் நாளுக்கு நாலு தடவை தெளித்தால் போதும் என்பார்கள். தெளித்த சில நிமிடங்களுக்கு மானியில் எண் ஏறும், பிறகு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். இலைக்கு நடுவே தேங்கிய நீர் இரவில் அழுகலுக்கு வழிவிடும். தொட்டிக்கு அடியில் நீர் விட்டு வைக்கும் கூழாங்கல் தட்டும் பெரிய உதவி இல்லை. தட்டிலிருந்து எழும் ஆவி அறை முழுக்கப் பரவிவிடுகிறது, செடிக்கென்று காத்து நிற்பதில்லை. ஈரப்பதமூட்டும் இயந்திரம் உண்மையில் வேலை செய்யும். ஆனால் மின்வெட்டு வந்தால் அதுவும் நிற்கும், தினமும் தண்ணீர் நிரப்ப வேண்டும், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். மூடிய ஜாடிக்கு மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

மூடிய ஜாடி

வாய் அகலமான கண்ணாடி ஜாடி, 3 முதல் 5 லிட்டர். கான்சால் நிறுவனத்தின் ஜாடிகளில் உங்கள் கை உள்ளே போய் வரும் அளவாகப் பார்த்து எடுங்கள். கை போகாத ஜாடியில் செடி வைத்தால் பிறகு ஒரு காய்ந்த இலையை எடுக்கக்கூட வழியிருக்காது. ஊறுகாய் போட்டிருந்த பாட்டில் என்றால் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி வெந்நீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். உப்பும் எண்ணெயும் மிச்சம் இருக்கக்கூடாது.

மண் என்று தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள். தென்னை நார்த்தூள் 4 பங்கு, சலித்த பைன் பட்டைத் தூள் ஒன்றரைப் பங்கு, பெர்லைட் (எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்த வெள்ளைக் குருணை) ஒன்றரைப் பங்கு. 3 லிட்டர் ஜாடிக்கு மொத்தம் 700 மில்லிலிட்டர் கலவை போதும், அதாவது நார்த்தூள் 400, பட்டை 150, பெர்லைட் 150. பெர்லைட்டை அளக்கும் முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இதில் பலர் தவறவிடுவது நார்த்தூளைக் கழுவுவது. பாம் பீட் என்று கட்டியாக விற்பதில் உப்பு இருக்கக்கூடும். 650 கிராம் கட்டியை வாளியில் போட்டு 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் அரை மணியில் சுமார் 8 லிட்டராக ஊதும். அதைப் பழைய பனியன் துணியில் கொட்டிப் பிழிந்து, மறுபடி தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மூன்று தடவை அலசினால் பழுப்பு நீர் வெளுத்துவரும். இந்த வேலையைச் சோம்பி விட்டால் ஆறு வாரம் கழித்து இலை நுனிகள் பழுப்பாகும், காரணம் தெரியாமல் காற்றையும் வெளிச்சத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

1. கலவையைக் கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் பதம் சரி. ஒழுகினால் பரப்பிச் சற்று உலரவிடுங்கள். ஒட்டாமல் உதிர்ந்தால் ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தண்ணீர் சேருங்கள்.

2. ஜாடியின் உயரத்தில் கால் பங்குக்குக் கலவையைப் போட்டு ஒரு பக்கம் சற்று மேடாக்குங்கள். அமுக்க வேண்டாம், ஜாடியை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

3. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பழைய மண்ணை உதிர்த்து, எலுமிச்சை அளவுக் கொத்துகளாகக் கையால் பிரியுங்கள். அடியில் நத்தை, பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்த்து, இளஞ்சூட்டு நீரில் ஒரு முறை அலசுங்கள்.

4. நீளமான கரண்டியின் காம்பால் 3 சென்டிமீட்டர் குழி போட்டு நடுங்கள். 3 லிட்டர் ஜாடிக்கு இரண்டு கொத்து போதும். கண்ணாடியில் இலை ஒட்டாதபடி ஓரத்தில் இரண்டு விரல் இடம் விடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய இலைதான் முதலில் அழுகும்.

5. இரண்டு மேஜைக்கரண்டி மழைநீரைக் கண்ணாடியின் உட்பக்கம் வழியவிட்டு ஒட்டிய தூளைக் கழுவி, மூடிவிடுங்கள்.

அடியில் கூழாங்கல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜாடிக்குத் துளை இல்லை, ஆகவே கல் போட்டால் நீர் வடியப்போவதில்லை. நீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், அவ்வளவே பயன். கரியும் கட்டாயம் இல்லை. போட ஆசை என்றால் பிராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடுவது) போடும் மரக்கரியை உடைத்து ஒரு கைப்பிடி போடுங்கள். பிரிக்கெட் எனும் அச்சுக்கரி வேண்டவே வேண்டாம், அதில் ஒட்டுப்பொருள் கலந்திருக்கும்.

முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். அதன் பிறகு வாரம் ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஜாடியே உங்களிடம் பேசும். காலையில் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நீர்த்துளி படிந்து, பத்து மணிக்குள் தெளிந்துவிட்டால் எல்லாம் சரி. நாள் முழுக்க நாலு பக்கமும் மங்கலாக இருந்தால் ஈரம் அதிகம், இரண்டு மூன்று மணி நேரம் திறந்துவிடுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் துளியே இல்லை என்றால் இரண்டு மேஜைக்கரண்டி சேருங்கள். ஒரே நேரத்தில் அதற்கு மேல் ஊற்றாதீர்கள். மூடிய ஜாடிக்குள் ஊற்றிய தண்ணீரை வெளியே எடுப்பது பெரும்பாடு.

ஜன்னலில் ஏமாறுகிற இடம்

செலாஜினெல்லாவை வடக்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். எழுதியவர் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பார். பூமத்தியரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்குச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். இங்கே வடக்கு ஜன்னல் என்றால் நாள் முழுக்க வெயில். மூடிய ஜாடியை அங்கே வைத்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே 40 டிகிரியைத் தாண்டும், செடி வெந்துபோகும். நமக்கு நிழல் ஜன்னல் தெற்கு. அதிலும் டிசம்பர், ஜனவரியில் அதிகாலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வரும், அந்த இரண்டு மாதம் ஒரு வெள்ளைத் திரை போடுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கையை இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். ஓரம் கலங்கிய மங்கல் நிழல் விழுந்தால் சரியான வெளிச்சம். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் தண்டு நீண்டு, இலைகள் விலகி, செடி வெளிறிப்போகும். ஜன்னல் வாய்க்காத அடுக்ககங்களில் 10 வாட் வெள்ளை எல்இடி விளக்கை இலையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். இடையில் மின்சாரம் இரண்டு மணி நேரம் போனாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது.

கடலோரத்தில் திறந்த தொட்டி

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், அம்ஷ்லாங்கா பக்கம் இருப்பவர்களுக்கு வராந்தாவின் தெற்கு மூலையே போதும். 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தொட்டி வேண்டாம், வேர் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே அதிகம் போகாது. ஆழமான தொட்டியின் அடிமண் காயாமல் புளித்துப்போகும். மெருகில்லாத மண்தொட்டி ஈரத்தைப் பக்கவாட்டில் விட்டுவிடும், பிளாஸ்டிக்கோ மெருகு போட்ட சட்டியோ நல்லது. ஜாடிக்குச் சொன்ன அதே கலவைதான், பெர்லைட்டை மட்டும் இரண்டு பங்காக்குங்கள்.

தண்ணீரை மேலே ஊற்றாமல், ஒரு தட்டில் இரண்டு விரல் உயரம் நீர் விட்டுத் தொட்டியை அதில் 20 நிமிடம் வையுங்கள். மேல்மண் கறுத்ததும் எடுத்து வடியவிடுங்கள். கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் நான்கைந்து நாளைக்கு ஒரு முறை என்று வரும், ஆனால் நாள் கணக்கை நம்பாதீர்கள். மேல்மண்ணின் கறுப்பு மங்கத் தொடங்குகிற அன்றே தண்ணீர் காட்ட வேண்டும். வெளுத்துக் காய்ந்த பிறகு கொடுத்தால் தாமதம். ஜோஜோ டேங்க் எனும் பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்த மழைநீர் இருந்தால் அதுதான் முதல்தரம். குழாய் நீர் என்றால் வாளியில் ஓர் இரவு வைத்து ஊற்றுங்கள், குளோரின் போய்விடும். குளோரமின் சேர்க்கும் ஊர்களில் அது இரவோடு போகாது, அங்கே மழைநீரோ வடிகட்டிய நீரோதான்.

உரம் மிகக் கொஞ்சம். நைட்ரோசால், சீகிரோ போன்ற திரவ உரத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காகக் கரைத்து, செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஆறு வாரத்துக்கு ஒரு முறை. ஜாடிக்கு முதல் வருடம் உரமே வேண்டாம்.

வராந்தாவில் மூன்று எதிரிகள். கடலை நேராகப் பார்க்கும் வீட்டில் உப்புக் காற்று. இரவில் நத்தை. பகலில் குரங்கு. அது செடியைத் தின்பதைவிட, தொட்டியைக் கவிழ்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் குறியாக இருக்கும். தொட்டியைக் கம்பிக் கூடையில் வைத்துக் கட்டுவதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.

ஆடியில் காவல், புரட்டாசியில் வெட்டு

ஊரில் ஆடி என்றால் ஆற்றில் புதுவெள்ளம், விதைப்பு. இங்கே ஆடி குளிர்காலத்தின் வறண்ட முனை. செலாஜினெல்லாவுக்கு வருடத்திலேயே மோசமான மாதம் அதுதான். ஹைவெல்டில் ஆனி தொடங்கியதுமே திறந்த தொட்டிகளை ஜாடிக்கோ, இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவுக்கோ மாற்றிவிடுங்கள். கிராஸியானா 5 டிகிரி வரை குளிரைத் தாங்கும். எரித்ரோபஸ் 15க்குக் கீழே இறங்கினாலே முகம் சுளிக்கும். இரவில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி எதையும் வைக்காதீர்கள்.

கடலோரக்காரர்கள் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் பெர்க் காற்றைக் கவனிக்க வேண்டும். மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும்போதே சூடேறி வருவது அது. காலையில் ஸ்வெட்டர் போட்டவர்கள் மதியம் வியர்த்து நிற்பார்கள், 30 டிகிரியைத் தாண்டும், ஈரப்பதம் சில மணி நேரத்தில் சரிந்துவிடும். வானிலை அறிவிப்பில் அந்தப் பேச்சு வந்தாலே தொட்டிக்குத் தண்ணீர் காட்டி, பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி, உள்ளே நகர்த்திவிடுங்கள். ஒரு பிற்பகல் போதும் முழுத் தொட்டியையும் கருக்க.

வெட்டிப் பெருக்கும் வேலையைப் புரட்டாசியில் வையுங்கள், இங்கே அது வசந்தம். கூர்மையான கத்தரியால் 4 சென்டிமீட்டர் நுனிகளாக, ஒரு கிளைப்பிரிவாவது அதில் இருக்கும்படி வெட்டுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் கழுவிய நார்த்தூளை மூன்று விரல் உயரம் பரப்பி, துண்டுகளைப் படுக்க வையுங்கள். குத்தி நட வேண்டாம். கிளை பிரியும் இடம் தூளைத் தொட்டிருக்கும்படி ஒரு ஹேர்பின் போட்டு அமர்த்தி, மூடியை அரைகுறையாக வைத்து நிழலில் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். நுனியில் வெளிர்பச்சைத் துளிர் வந்த பிறகே இடம் மாற்றுங்கள். வித்து விதைத்து வளர்ப்பது ஆராய்ச்சிக்கூட வேலை, அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

கெட்டுப்போகும்போது

நுனி மட்டும் மொறுமொறுப்பாகக் காய்ந்தால் காற்றுதான் குற்றவாளி. மானியைப் பாருங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். காற்று சரியாக இருந்தும் நுனி பழுப்பானால் உப்பு, அதாவது கழுவாத நார்த்தூளோ அதிக உரமோ. தொட்டியின் வழியாக அதன் கொள்ளளவைப்போல நான்கு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி வடித்துவிடுங்கள்.

அடித்தண்டு கறுத்து, விரலால் அழுத்தினால் நசுங்கி, சாக்கடை வாடை அடித்தால் அழுகல். நல்ல பச்சை நுனிகளை வெட்டிப் புதுக் கலவையில் படுக்க வையுங்கள், மீதியைத் தூக்கி எறியுங்கள். பாதி அழுகிய கொத்தைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலை, எடுத்துவைத்த நல்ல நுனிகளுக்கும் அது தொற்றும்.

புது ஜாடியில் இரண்டாம் வாரம் பட்டைத் தூளின் மேல் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை வரும். பயப்பட வேண்டாம், செடியை அது தின்பதில்லை. பஞ்சால் துடைத்துவிட்டு மூன்று நாள் கூடுதல் காற்று கொடுங்கள். மண்ணிலிருந்து சிறு கறுப்புக் கொசுக்கள் கிளம்பினால் மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றை உள்ளே செருகி, மண்மேல் அரை சென்டிமீட்டர் கழுவிய மணல் தூவுங்கள். மற்ற செடிகளுக்கு மண்ணைக் காயவிட்டுக் கொசுவைக் கொல்லலாம், இதற்கு அந்த வழி கிடையாது. சோப்பு நீர், வேப்பெண்ணெய் இரண்டும் இந்த மெல்லிய இலையைச் சுட்டுவிடும். மாவுப்பூச்சி கண்டால் அந்தக் கிளையையே வெட்டி எடுங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் மேலெல்லாம் காய்ந்து கிடக்கிறதா? அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் மண்ணிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டு மொட்டையடித்து, தட்டில் வைத்துத் தண்ணீர் காட்டி, தொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். துளிர் வந்தால் பையை ஒரே நாளில் கழற்றாமல், முதல் நாள் கால் மணி, மறுநாள் அரை மணி என்று இரண்டு வாரத்தில் பழக்குங்கள். கீறிய இடம் பழுப்பாக இருந்தால் கலவையைக் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

வெட்டிப்போடும் துண்டுகளை ஓடையிலோ காலி மனையிலோ கொட்டாதீர்கள், குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். நம்மூர்க் கிராஸியானாவே நியூசிலாந்துக் காடுகளில் களையாகிப் படர்ந்து, அங்கே விற்கவும் பெருக்கவும் தடைசெய்யப்பட்ட செடியாகிவிட்டது. கிளைப்பிரிவு ஒன்று ஈரமண்ணைத் தொட்டால் போதும் என்று மேலே சொன்னது உங்கள் டப்பாவுக்கு வெளியிலும் பொருந்தும்.